குரங்கு தின்ற மான்

எங்கள் ஊருக்கு அன்புவழிபுரம் என்று பெயர். திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரிவில், அனுராதபுரச் சந்திப் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்திருப்பார்கள். ஆனால் இப்படி ஒரு பெயருள்ள ஊரில் இருந்துகொண்டு துவக்குச் சூட்டு விளையாட்டுச் செய்ய இயலாது என்பதை என் கொம்பியூட்டர் வாழ்க்கையின் முதல் நாளே அறிந்துகொண்டேன்.

2024 உயர்தரப் பரீட்சை அப்போதுதான் முடிந்திருந்தது. நடுவில் வெள்ளம் வந்து நிறுத்தி, பிறகு தொடங்கி, ஒருவழியாக ஆண்டின் கடைசி நாளில் முடித்துவைத்தார்கள். பரீட்சைக்கும் முடிவுக்கும் இடையில் சில மாதங்கள் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் பெடியன்கள் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகுவார்கள், ஆங்கில வகுப்புக்குப் போவார்கள், எதுவும் இல்லாவிட்டால் சந்தியில் நின்று பஸ் எண்ணுவார்கள். நான் கொம்பியூட்டரில் விளையாட்டுச் செய்யப் பழகினேன். பக்கத்து வீட்டு மாமி "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டபோது அம்மா "கார்ட்டூன் கீறுறார்" என்றார். "ஆருக்கோ செய்வினை செய்துபோட்டாங்கள்" என்று சொல்வதற்கும் அதே குரலைத்தான் பாவிப்பார்.

கொம்பியூட்டர் சித்தப்பாவினுடையது. கட்டாருக்குப் போகும்போது எங்கள் வீட்டில் விட்டுப் போனார். போட்டால் மாவரைக்கிற மில் தொடங்கினமாதிரிச் சத்தம் வரும். கூடவே ஒரு யூ.பி.எஸ். பெட்டியும் இருந்தது. அதன் பற்றரி செத்துக் கன காலம். அதன்மேல் அம்மா மணிபிளான்ட் போத்தல் ஒன்றை வைத்திருந்தார். இந்தப் போத்தலை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

முதல் யோசனை துவக்குச் சூடுதான். உலகத்தில் விற்கிற விளையாட்டுகளில் பாதியிலே யாராவது யாரையாவது சுட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்! ஒலிபெருக்கியில் சும்மா இரண்டு வெடிச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். குசினிக்குள் இருந்த அம்மம்மா சுளகோடு வெளியே வந்தார். "நாங்கள் கேட்ட துவக்குச் சத்தம் காணும். வேற சத்தம் இருந்தாப் போடு" என்றார். அத்தோடு அந்த விளையாட்டு முடிந்தது.

எனக்குக் குரு கிடைத்தது வீட்டுக்குள்ளேயே. சித்தியின் மகள், எட்டாம் ஆண்டு. பாடசாலையில் ஐ.சி.டி. பாடத்துக்கு ஸ்க்ராட்ச் படித்திருந்தாள். ஸ்க்ராட்ச் என்பது 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வுகூடம் வெளியிட்ட மென்பொருள். கட்டளைகளை எழுதத் தேவையில்லை. நிறநிறமான கட்டைகளாக இருக்கும். இழுத்து ஒன்றோடு ஒன்று கொழுவினால் போதும். 8 வயது முதல் 16 வயது வரையான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்ததாம். எனக்கு 19. "பரவாயில்லை அண்ணா, கொஞ்சம் பிந்தி விளங்கும், அவ்வளவுதான்" என்று குரு ஆறுதல் சொன்னாள்.

திறந்தவுடன் ஒரு செம்மஞ்சள் பூனை நிற்கும். அதற்கு இரண்டு உருவம் உண்டு, கால் முன்னே ஒன்று, கால் பின்னே ஒன்று. மாற்றி மாற்றிக் காட்டினால் நடக்கிறமாதிரி இருக்கும். நானும் நடக்கவைத்தேன். கரைக்குப் போனால் திரும்பி வா என்ற கட்டையையும் கொழுவினேன். பூனை கரைக்குப் போனது, திரும்பியது, தலைகீழாக நடந்து வந்தது. பின்னால் நின்று பார்த்த அப்பா, "பூனைக்கு என்னடா வருத்தம்?" என்று கேட்டார். குரு ஒரு கட்டையைச் சேர்த்தாள்: இடம் வலம் மட்டும் திரும்பு. பூனைக்குச் சுகமானது. ஸ்க்ராட்ச் தொடங்குகிற எல்லாப் பிள்ளையும் முதல் நாள் இந்தப் பூனையைத் தலைகீழாக நடத்தும் என்று அவள் சொன்னாள். "நான் அப்ப ஆறாம் ஆண்டு" என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

அப்பாவுக்கு இந்த வேலையில் நம்பிக்கை வரவில்லை. நான் சரித்திரத்தைத் துணைக்கு இழுத்தேன். 1972இல் அட்டாரி என்ற கொம்பனியில் அலன் அல்கோர்ன் என்ற புது எஞ்சினியரிடம், கை பழகட்டும் என்று ஒரு சின்ன விளையாட்டைச் செய்யக் கொடுத்தார்கள். இரண்டு கோடு, ஒரு பந்து. அதுதான் 'பொங்'. மதுக்கடை ஒன்றில் வைத்துப் பார்த்தபோது சில நாட்களில் மெசின் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே காசு நிரம்பி அடைத்திருந்ததாம். "பழகிறதுக்குச் செய்ததுதான் அப்பா, உலகம் முழுக்க ஓடினது" என்றேன். அப்பா யோசித்தார். "அவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகினவர். நீ கரண்ட் பில்லைக் கூட்டிக்கொண்டு பழகுறாய்" என்றார்.

துவக்கு இல்லாத விளையாட்டுக்கு எங்கள் ஊரில் கதாநாயகன் தேட வேண்டியதில்லை. திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், புள்ளிமான்கள் எங்களோடுதான் வசிக்கின்றன. கோட்டைக்குள் படுத்திருக்கும், ரவுனுக்குள் நடந்து வரும், குப்பையைக் கிளறும், ஷொப்பிங் பையையும் சேர்த்துத் தின்னும். ஆகவே என் விளையாட்டில் ஒரு மான். அது ஓடவேண்டும், புல்லைத் தின்னவேண்டும், ஷொப்பிங் பைகளைத் தாண்டவேண்டும். பையில் முட்டினால் ஆட்டம் முடிந்தது. பின்னால் கோணமலை, கடல், இரண்டு வெள்ளை முகில்.

மானைக் கீறத் தொடங்கினேன். உடம்பு வந்தது, கொம்பு வந்தது, புள்ளியும் வந்தது. நடக்கவிட்டால், மேசை ஒன்றுக்குக் கால் முளைத்தமாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து மான் பார்க்கிறவன் நான். ஆனால் அது எந்தக் காலை முதலில் எடுத்துவைக்கும் என்று கேட்டால் தெரியாது!

இந்தச் சங்கடம் பெரிய ஆட்களுக்கும் இருந்திருக்கிறது. பாய்கிற குதிரையை ஓவியர்கள் முன்னங்கால் முன்னே, பின்னங்கால் பின்னே நீட்டியபடி காலங்காலமாகக் கீறிவந்தார்கள். 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற படப்பிடிப்பாளர் வரிசையாக 12 கமெராக்களை வைத்து ஓடுகிற குதிரையைப் பிடித்தார். நான்கு காலும் நிலத்தைவிட்டு எழும்புகிற கணம் உண்மைதான். ஆனால் அப்போது கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கவில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தன. அவ்வளவு காலமும் எல்லாரும் குதிரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் திருத்தி, ஆங்கிலேயர் பிரெடரிக் என்று பெயர் வைத்த கோட்டை. கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதை அதற்குள்ளால்தான். உள்ளே இராணுவமும் இருக்கிறது. ஒரு மானுக்குப் பின்னால் குனிந்து குனிந்து, போனை அதன் காலுக்கு நேரே பிடித்தபடி நான் போனேன். கோயிலுக்கு வந்த சனம் ஒதுங்கிப் போனது. காவலில் நின்ற சிப்பாய் கிட்ட வந்து, "மொகத கரன்னே?" என்று கேட்டார். என்ன செய்கிறாய் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் திரட்டி, "முவா எவிதினவா பலனவா" என்றேன். மான் நடக்கிறதைப் பார்க்கிறேன். அவர் மானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மானைப் பார்த்தார். பிறகு அவரும் நின்று அதன் காலைப் பார்க்கத் தொடங்கினார். இடப் பின்னங்கால், இடது முன்னங்கால், வலப் பின்னங்கால், வலது முன்னங்கால். இருவருமாக உறுதிப்படுத்திக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து எட்டு நிலைகளில் கீறினேன். ஸ்க்ராட்சில் ஒவ்வொரு நிலைக்கும் 'கொஸ்ரியூம்' என்று பெயர். அது என்ன என்று அம்மா கேட்டார். உடுப்பு என்றேன். "மானுக்கு எட்டு உடுப்போ? உனக்குத் தீபாவளிக்கு ஒண்டு எடுக்கவே நான் பட்ட பாடு" என்றார்.

அடுத்தது பாய்ச்சல். மேலே போ என்றேன், மான் மேலே போனது. அங்கேயே நின்றது. கீழே வரச்சொல்லி யாரும் சொல்லவில்லையே! நியூட்டனுக்கு அப்பிள் தானாக விழுந்தது. எனக்கு மானை விழுத்த மூன்று நாள் எடுத்தது. வேகம் என்று ஓர் எண்ணை வைத்து, ஒவ்வொரு கணமும் அதில் ஒன்றைக் கழித்துக்கொண்டே வந்தால் மேலே போனது மெல்ல நின்று, திரும்பி, விழும். விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. நிலம் எங்கே இருக்கிறதென்றும் நான் சொல்லவில்லை. திருகோணமலைத் துறைமுகம் ஆழம் கூடியதென்று சின்ன வகுப்பில் படித்திருக்கிறேன். என் மான் அதன் அடியைத் தேடிப் போய், திரையின் கீழ்க்கரையில் காது மட்டும் தெரிய நின்றது.

அப்போதுதான் இந்த மெசினின் குணம் விளங்கியது. எங்கள் வீட்டில் அம்மா "அதை எடுத்து அதுக்குள்ள வை" என்பார். எதை, எதற்குள் என்று யாரும் கேட்பதில்லை. தேங்காய்ப்பூவை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வருவோம். சொல்லாததை விளங்கிக்கொண்டே பத்தொன்பது வருடம் வளர்ந்தவன் நான். கொம்பியூட்டரோ சொன்னதை மட்டும் செய்யும், சொன்னபடியே செய்யும். இப்படி ஒரு கீழ்ப்படிவான பிறவி எங்கள் குடும்பத்துக்கு வந்ததே இல்லை. அதனால்தான் அதோடு எனக்கு ஒத்துவரவில்லை.

ஒருவழியாக ஓடத் தொடங்கிய விளையாட்டை முதலில் அம்மம்மாவிடம் கொடுத்தேன். அவர் எந்தப் பொத்தானையும் அமத்தவில்லை. மான் ஒரு புல்லில் முட்டிக்கொண்டு நின்றது. புள்ளி ஏறியது. அரை நிமிடத்தில் 900. புல்லைத் தொட்டால் ஒரு புள்ளி கூட்டு என்று சொல்லியிருந்தேன். தின்ற புல்லை அகற்று என்று சொல்லவில்லை. ஸ்க்ராட்ச் ஒரு செக்கனுக்கு 30 தடவை பார்த்து, 30 தடவையும் புள்ளி கொடுத்தது. "சும்மா இருந்தே வெல்லலாம்போல, நல்ல விளையாட்டு" என்று அம்மம்மா எழும்பிப் போனார்.

பிறகு குரு விளையாடினாள். நன்றாகப் பாய்ந்தாள். மான் ஆகாயத்திலே செத்தது. மறுபடி பாய்ந்தாள், மறுபடி செத்தது. "அண்ணா, உங்கட மான் முகில் தட்டிச் சாகுது" என்றாள். வெள்ளை நிறத்தைத் தொட்டால் ஆட்டம் முடி என்று எழுதியிருந்தேன். பையும் வெள்ளை, முகிலும் வெள்ளை. முகிலுக்குச் சாம்பல் நிறம் பூசினோம். கோணமலைக்கு மேலே எந்நேரமும் மழை இருட்டு.

கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவர் 'வெண்பா' பற்றிச் சொன்னார். ரொறொன்ரோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டு. கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. முதல் கட்டமே இட்லி அவிப்பதுதான். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அதைச் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தெரிந்தெடுத்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "இட்லி அவிச்சதுக்குப் பரிசோ? அப்ப எனக்கு எத்தனை கப் தரவேணும்" என்று கேட்டார். ஆனால் அன்றிலிருந்து நான் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தால் பிளேன்டீ தானாக வந்தது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. தொடக்கத் திரையில் என் பெயரைக் கீறிக்கொண்டிருந்தேன். எழுத்தின் நிறத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதிலேயே காலை போயிற்று. பதினொன்றரை மணி அளவில் மில் நின்றது. வீட்டில் மட்டுமல்ல, ஊரில் மட்டுமல்ல, நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறையில் உபமின்நிலையம் ஒன்றில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். அனுமார் இலங்கையை எரித்தார் என்று படித்திருக்கிறோம். அவருடைய ஆட்கள் இன்னும் இங்கே வேலையில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

கரண்ட் வந்து போட்டுப் பார்த்தால் பூனை மட்டும் நின்றது. நான் வைத்திருந்தது இணையம் தேவையில்லாத ஸ்க்ராட்ச். அது தானாகச் சேமிக்காது. நானும் சேமிக்கவில்லை. மூன்று கிழமையாக இரவில் கொம்பியூட்டரை நிறுத்துவதே இல்லை, மூடினால்தானே சேமிப்பதற்கு!

வியட்நாமில் டொங் நுயென் என்பவர் செய்த 'ஃபிளாப்பி பேர்ட்' உலகமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, 2014 பெப்ரவரியில் அவரே அதை எடுத்துவிட்டார். பதினொரு வருடம் கழித்து அதே பெப்ரவரியில் என் விளையாட்டும் எடுக்கப்பட்டது. அவரிடம் காரணம் இருந்தது. என்னிடம் குரங்கு இருந்தது.

இரண்டு நாள் குரங்கைத் திட்டினேன். மூன்றாம் நாள் அம்மா மணிபிளான்ட் போத்தலைத் தூக்கி யன்னலில் வைத்துவிட்டு, யூ.பி.எஸ். பெட்டியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். "இதுக்கு ஒரு பற்றரி வாங்கியிருந்தா மான் செத்திருக்காது. குரங்கு பாணந்துறையில, நீ இங்க. ஆர் கிட்ட?" என்றார். பற்றரிக் காசை அப்பா தந்தார். "சம்பளம் எண்டு நினைச்சுக்கொள்" என்றார்.

மூன்று கிழமை எடுத்த வேலை மறுபடி செய்ய நான்கு நாள்தான் எடுத்தது. எந்தக் கால் முதலில் என்று தெரியும், நிலம் எங்கே என்று சொல்லவேண்டும் என்றும் தெரியும். முகிலைத் தொடக்கத்திலேயே சாம்பலாகக் கீறினேன். குரு விளையாடிப் பார்த்துவிட்டு, "இப்ப ஒன்பதாம் ஆண்டுக்கு ஏத்தலாம்" என்றாள். ஏப்ரலில் உயர்தர முடிவும் வந்தது. அதைப் பற்றி எழுத இந்தக் கட்டுரையில் இடமில்லை.

விளையாட்டுச் செய்யத் தொடங்குகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். புத்தகத்தையும் வீடியோவையும் பாருங்கள், அதற்கு முதல் மானைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சேமியுங்கள். குரங்கு எங்கும் உண்டு.