லேபிள் போன நூல்

சிட்டத்தில் லேபிள் கிழிந்துபோனால் மீதி நூல் எத்தனை மீட்டர் என்று கண்டுபிடிப்பது வெகு சுலபம். நூலின் நம்பர் தெரிந்தால் போதும். ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜச் சிட்டங்கள் எத்தனை நிற்குமோ அதுவே நம்பர். (1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. பவுண்டும் கஜமும் கடைத்தெருவைக் காலி செய்தன. பருத்தி நூல் நம்பருக்குள் மட்டும் இன்னும் வாடகையில்லாக் குடித்தனம்.) 40ஆம் நம்பர் என்றால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 6,770 மீட்டர்.

நம்பர் தெரியாதா? அதுவும் சுலபம். நீளத்தை எடையோடு வைத்துக் கணக்கிட்டால் வந்துவிடும். நீளம்தானே தெரியவில்லை என்று கேட்பவர்களைத் தறிப் பக்கமே விடக்கூடாது.

சரி, பத்து மீட்டர் வெட்டிச் சமையலறைத் தராசில் வைப்போம். 40ஆம் நம்பரில் அது 0.15 கிராம்கூட இல்லை. தராசு பூஜ்யம் காட்டும். பூஜ்யத்தால் வகுத்தால் நூலுக்கு முடிவே கிடையாது. ஊருக்கே வேட்டி நெய்யலாம்.

போதாதென்று, பருத்தி காற்றின் ஈரத்தைக் குடிக்கும். நூலை எடை போட்டு விற்பவருக்கு ஐப்பசி மழைமேல் தனிப் பிரியம் இருந்தால், அதைக் கவிதை மனம் என்று நினைத்துவிட வேண்டாம்.