வாங்காமைத் திணை: கொட்டகையுடன் கூடிய கல் பண்ணைவீடு குறித்து ஓர் ஆய்வு

தொல்காப்பியரின் காலம் எது என்று அறிஞர்கள் அடித்துக்கொண்டிருக்கும் வேளையில், அதைவிட அவசரமான ஒரு கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு தமிழர் குடியிருக்கிறார். மோர்ட்கேஜில் பாதிகூடக் கட்டி முடியவில்லை. விடிந்ததும் விக்டோரியா லைன் பிடித்து வேலைக்கு ஓட வேண்டும். இப்படிப்பட்டவர் நள்ளிரவில் போர்வைக்குள் கைபேசியை வைத்துக்கொண்டு, ‘விற்பனைக்கு: கல்லால் கட்டிய பழைய பண்ணைவீடு, தானியக் கொட்டகையுடன்’ என்ற விளம்பரத்தைக் கடைசிப் படம்வரை ஏன் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்? வாங்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும், பக்கத்தில் தூங்குவதாகப் பாவனை செய்யும் மனைவிக்கும் தெரியும். ஊர் ஏக்கம், இயற்கை நாட்டம், நடுவயதுக் கோளாறு என்றெல்லாம் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஆராயாமல் சொன்னவை. ஆராய்ந்தால் தெரிவது ஒன்றுதான்: அவர் கண் கொட்டகைமேல் இருக்கிறது. கல்வீடு அதற்கு ஒரு கௌரவமான சாக்கு.

மரபுப்படி முதற்பொருளாகிய நிலத்தில் தொடங்குவோம். வால்தம்ஸ்டோவில் கல் கிடையாது. கிழக்கே எப்பிங் காட்டை நோக்கி மேடேறும் பக்கம் லண்டன் களிமண். மேற்கே லீ ஆற்றை நோக்கி இறங்கும் பக்கம் சரளையும் வண்டலும். செயின்ட் மேரி தேவாலயத்துக்கு அருகே நிற்கும் 15ஆம் நூற்றாண்டு ‘ஏன்ஷியன்ட் ஹவுஸ்’கூட மரச்சட்ட வீடுதான், பின்னால் வந்தவை செங்கல். களிமண்ணுக்கு வெயிலில் சுருங்குவதும் மழையில் உப்புவதும் பிறவிக் குணம். 1976 வறட்சியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் அஸ்திவாரங்கள் இறங்கி, சுவர்கள் வெடித்து, காப்புறுதிக் கம்பனிகள் கலங்கிப்போயின. இன்றும் ஒரு வறண்ட ஆகஸ்டில், ஜன்னல் மூலையில் பிறந்து செங்கல் இடுக்குகளில் படிப்படியாக மேலேறும் விரிசலைக் காணலாம். எச்சரிக்கையான வீட்டுக்காரர் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருப்பார். இரண்டடி தடித்த கற்சுவரின் படத்தைக் கண்டதும் அவர் நெடுமூச்சு விடுவது நியாயமே. இதை வைத்துக் கல்லே காரணம் என்று வாதிடும் ஒரு கட்சி உண்டு. யாழ்ப்பாணத்தவர் விஷயத்தில் அக்கட்சிக்கு உற்சாகம் இன்னும் கூடிவிடும்: குடாநாடும் சுண்ணாம்புக்கல், காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளும் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்பில் பிறந்து களிமண்ணில் குடியேறியவர் மறுபடி சுண்ணாம்பைத் தேடுகிறாராம். கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் நிற்காது. என்னையெனின், தஞ்சாவூர் வண்டலில் பிறந்தவரும் அதே விளம்பரத்தைத்தான் பார்க்கிறார். மேலும், கல்லுக்காகவே ஏங்குபவர் அபெர்டீனுக்குப் போகலாம். ஊரே கிரானைட், லண்டனோடு ஒப்பிட்டால் அடிமாட்டு விலைக்குக் கல்கட்டட ஃபிளாட் கிடைக்கும். நள்ளிரவில் போர்வைக்குள் அபெர்டீன் ஃபிளாட்டைப் பார்ப்பவர் எவர்? அங்கே கல் இருக்கிறது, கொட்டகை இல்லை.

அடுத்தது கருப்பொருள். 1870-ல் ரயில் வரும்வரை வால்தம்ஸ்டோ எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம். 1871-ல் ஏறத்தாழ 11 ஆயிரம் பேர் இருந்த இடத்தில் 1901-ல் 95 ஆயிரம் பேர் இருந்தார்கள். வயல்கள் வரிசைவீடுகளாயின. 1880-கள் தொடங்கி வார்னர் எஸ்டேட் கட்டிய வீடுகளை இன்றும் தெருத்தெருவாகப் பார்க்கலாம்: ஒரே வளைவுக்குக் கீழே ஒட்டினாற்போல் இரண்டு கதவுகள், ஒன்று கீழ்வீட்டுக்கு, மற்றது மாடிவீட்டுக்கு. தோட்டத்திலும் ஆளுக்கு ஒரு துண்டு. நல்ல உறுதியான, அழகான வீடுகள், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்த குமாஸ்தாவை மனத்தில் வைத்துக் கட்டியவை. அவற்றில் ஒன்றில் இன்று ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. அந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழுள்ள அலுமாரிதான் இவ்வாய்வின் தலையாய சான்று. திறந்தால் முதலில் 20 கிலோ அரிசிப் பை இரண்டு; அவற்றின்மேல் ஹூவர்; பின்னால் ஊரிலிருந்து தூக்கி வந்து, பிளக் மாற்றி, இரண்டு முறை ஓடிய கிரைண்டர்; மகளின் சாமத்தியச் சடங்குக்கு வாங்கிய குத்துவிளக்கு சோடியாகப் பழைய சேலையில் சுற்றிக் கிடக்கும்; மடக்குக் கதிரைகள் ஆறு; ஐம்பது பேருக்குச் சமைக்கும் அண்டா, அதற்குள் இட்டலிச் சட்டி, அதற்குள் பிள்ளையார் படம். ‘நல்ல சாமான், எறியக்கூடாது’ என்பது இவை அனைத்துக்கும் பொதுவான கல்வெட்டு. லாஃப்ட் எப்போதோ நிரம்பிவிட்டது. தோட்டத்து ஷெட்டின் கதவு உள்ளிருந்து தள்ளப்படுவதால் பூட்ட முடியவில்லை. இந்த அலுமாரியை மூடிவிட்டுப் படுக்கப்போன ஒருவருக்கு முன்னால், வண்டியோடு மாடு நுழைந்து திரும்பி வரக்கூடிய ஒரு கூரையின் படத்தைக் காட்டினால் அவர் வேறென்ன செய்வார்?

சாமானுக்கு இடம் தேடுவதுதான் காரணமென்றால், கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மொரிஸ் என்ன கிரைண்டரா வைத்திருந்தார் என்று கேட்கலாம். தகுந்த கேள்வி, ஏனெனில் இந்நோய்க்கு மூலவர் அவரே. 1834-ல் வால்தம்ஸ்டோ எல்ம் ஹவுஸில் பிறந்தார். 1848 முதல் 1856 வரை அவருடைய குடும்பம் இருந்த வாட்டர் ஹவுஸ்தான் 1950-ல் திறக்கப்பட்ட வில்லியம் மொரிஸ் காலரி. 1871-ல், 37 வயதில், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் தேம்ஸ் கரையிலுள்ள கெல்ம்ஸ்காட் அவர் கண்ணில் பட்டது: 1600-ஐ ஒட்டி ஒரு விவசாயக் குடும்பம் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு, பக்கத்தில் கொட்டகைகள். கண்ணில் பட்ட இடம் லண்டன் வீட்டுத் தரகரின் பட்டியல் என்பதைக் கவனிக்க வேண்டும். போர்வையும் கைபேசியும்தான் பின்னாளில் வந்தவை. வாங்கினாரா? இல்லை. ஓவியர் ரொசெட்டியோடு கூட்டாக வாடகைக்கு எடுத்தார். 1896-ல் இறக்கும்வரை வாடகைக்காரராகவே இருந்தார். 1913-ல்தான் அவர் மனைவி ஜேன் அதை விலைக்கு வாங்கினார். சரி, அவர் மயங்கியது வீட்டிலும் தோட்டத்திலும் அல்லவா என்றால், அதற்கும் விடையுண்டு. கெல்ம்ஸ்காட்டுக்கு வந்த விருந்தினரை அவர் கிரேட் காக்ஸ்வெல்லுக்குக் கூட்டிப்போவார். அங்கே இருப்பது பியூலி மடத்துத் துறவிகள் 1300-ஐ ஒட்டிக் கட்டிய கல் கொட்டகை, 46 மீட்டர் நீளம். அதைப் பேராலயங்களுக்கு நிகராக வைத்துப் பேசினார். தன் வீட்டுக்கு வந்தவரை அடுத்தவர் கொட்டகையைக் காட்ட அழைத்துப்போகும் ஒருவருடைய மனம் எங்கே இருந்தது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை. தவிர, திரைச்சீலைத் துணி, கம்பளம், கையெழுத்துப் படி, அச்சு எந்திரம் என்று அவர் சேர்த்தவற்றைப் பார்த்தால், கிரைண்டர் ஒன்றுதான் குறை.

கொட்டகைதான் உண்மையான சரக்கு என்றால் அதற்கு விலை ஏறியிருக்க வேண்டுமே என்பது பொருளாதாரம் படித்தவர்களின் தடை. இங்கேதான் சான்று விசித்திரமாகிறது. ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வர்த் கிராமத்தில், 1426–27-ல் வின்செஸ்டர் கல்லூரி கட்டுவித்த பெருங்கொட்டகை நிற்கிறது. 58 மீட்டர் நீளம். தூண்களின் அடியில் கல், மரச்சட்டகமெல்லாம் ஓக். 2006-ல் அது 1 பவுணுக்குக் கைமாறியது. ஐந்தாறு ஆண்டு கழித்து இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் 20,000 பவுண் கொடுத்து வாங்கியது. வால்தம்ஸ்டோவில் அந்தக் காசுக்கு ஒரு கார் நிற்கும் கராஜ் அகப்பட்டால் அதிர்ஷ்டம். பாதுகாக்கப்பட்ட கட்டடத்தில் ஓர் ஆணியைக்கூட இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, அதனால்தான் மலிவு என்பார்கள். அஃது எம் கோட்பாட்டுக்கே வலு சேர்க்கிறது. அண்டாவை வைப்பதற்கு ஆணி எதற்கு?

கொட்டகையை வீடாக மாற்றி வாடகைக்கு விடும் பேராசையே காரணம் என்று இன்னொரு சாரார். இங்கிலாந்தில் 2014 முதல், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முழு பிளானிங் பெர்மிஷன் இல்லாமலே விவசாயக் கட்டடத்தை வீடாக்க வழியிருக்கிறது. தரகர்களும் விளம்பரத்தில் அதைச் சாடையாகச் சொல்லிவைப்பார்கள். ஆனால் கொட்டகையை வீடாக்கினால் அந்த வீட்டுக்கும் மாடிப்படி வரும், அதற்குக் கீழே ஓர் அலுமாரி வரும், அதுவும் நிரம்பும். நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பதை எந்த வைத்தியரும் ஒப்பார். போதாததற்கு உள்ளே வௌவால் இருக்கும். 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குத் தந்திருக்கும் பாதுகாப்பு லண்டன் வாடகைக்காரர் கனவிலும் காணாதது: அது வெளியூர் போயிருந்தாலும் அதன் தங்குமிடத்தைக் கலைக்கக்கூடாது. எத்தனை தங்கியிருக்கின்றன என்றறிய, கோடை மாலைகளில் ஆள் வைத்து, அவை வெளியே கிளம்பும்போது எண்ண வேண்டும். வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு நானும் தொங்கு என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறது. அந்த வீட்டைக் காசு கொடுத்து வாங்கியவருக்கும் தொங்க இடமுண்டா என்று அது சொல்லவில்லை.

ஆக, இத்திணைக்கு முதற்பொருள் களிமண்; பெரும்பொழுது வறண்ட ஆகஸ்ட், சிறுபொழுது நள்ளிரவு; கருப்பொருள் அண்டா, மடக்குக் கதிரை, வௌவால்; உரிப்பொருள் வாங்காமையும் வாங்காமை நிமித்தமும். வாங்கியவரைப் பற்றி இத்திணையில் பாடல் வராது. வாங்கிய அன்றே அவர் கூரை ஒழுக்கு என்னும் வேறு திணைக்குப் போய்விடுகிறார். கொட்டகையின் அருமை அது காலியாக இருப்பதில்தான் இருக்கிறது. வால்தம்ஸ்டோவாசி அதை வாங்கினால் ஒரு லாரி, இரண்டே நடை, அதுவும் நிரம்பிவிடும். வாங்காதவரைக்கும் அந்த இடம் முழுவதும் அப்படியே கிடக்கும். மொரிஸ் கடைசிவரை வாங்காமல் இருந்ததற்கு வேறு காரணம் சொல்வோர் இதையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும்.

ஐயம் தீராதவர்கள் ஹார்மண்ட்ஸ்வர்த்துக்கு நேரிலேயே போய்ப் பார்க்கலாம். கோடை மாதங்களில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை. விக்டோரியா லைனில் ஏறி ஃபின்ஸ்பரி பார்க்கில் பிக்காடிலி லைனுக்கு மாறி, ஹீத்ரோ பக்கம் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: சாமான் எதையும் கொண்டுபோகாதீர்கள்.