கடைசி ஒரு ரூபாய்: வீடு வாங்குவோரின் உறுதிப்பாடு குறித்து ஓர் ஆய்வு முன்னுரை

வீடு பார்க்க வந்தவர் “பிடிச்சிருக்கு, முடிச்சிக்கலாம்” என்று சொல்லும் நொடிக்கும், பத்திர ஆபீஸில் கைரேகை வைக்கும் நொடிக்கும் இடையில் அவர் மனத்தில் நடப்பது என்ன? இத்துறையை அறிஞர்கள் இதுகாறும் புரோக்கர்களிடம் விட்டுவைத்தது வருந்தத்தக்கது (காண்க: சேத்தியாத்தோப்பு டீக்கடை வாய்மொழி மரபு, இடப்பக்க பெஞ்ச்).

ஆய்வுக்களம் நெய்வேலி நகரியத்தில் தொடங்கி வளையமாதேவியில் முடிகிறது. 1956-இல் பிறந்த நிலக்கரி நிறுவனத்தின் குவார்ட்டர்ஸ்கள் விற்பனைக்கு இல்லை. வேலை உள்ளவரை குடியிருப்பு, ஓய்வு பெற்றால் சாவி ஒப்படைப்பு. எனவே ஓய்வு நெருங்கும்வரை வீட்டு விலையே விசாரித்திராத ஒரு மனித இனம், திடீரென வடலூர்ப் பக்கம் மனை பார்க்கக் கிளம்புகிறது.

முதல் வகையினர் பார்வையாளர்கள்: காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

இரண்டாம் வகையினர் வாஸ்துக்காரர்கள்: சமையலறையை நகர்த்தித் தரச் சொல்வார்கள்.

மூன்றாம் வகையினரே இவ்வாய்வின் உயிர். இவர்கள் ‘டோக்கன்’ கொடுப்பவர்கள். அதுவும் 10,000 அல்ல, 10,001. அந்த ஒற்றை ரூபாய் எதற்கு? பத்தாயிரம் முழுமையான எண், அங்கே பேச்சு முடிந்துவிடும். ஒன்று சேர்ந்தால் கணக்கு தொடரும் என்பது ஒரு மரபு. செல்போனில் பணம் அனுப்பும் காலத்திலும் நாணயம் ஒட்டிய மொய்க் கவரைத் தேடி அலைபவர்கள் உண்டு. பேரம் முறிந்தால் பத்தாயிரம் தவணையில் திரும்பும். அந்த ஒரு ரூபாய் திரும்பிய தடயமே இல்லை (டீக்கடை மரபு, வலப்பக்க பெஞ்ச், மழைக்காலப் பாடம், பஜ்ஜி எண்ணெயில் நனைந்து பாதி அழிந்த பிரதி).

டோக்கனின் பழம்பெயர் அச்சாரம். வடமொழியின் ‘சத்தியங்கார’த்திலிருந்து வந்த சொல் என்பர். யாக்ஞவல்கிய ஸ்மிருதி, சத்தியங்காரமாகப் பெற்றதை இரட்டிப்பாகத் திருப்பச் சொல்கிறது. அச்சம் + ஆரம், அதாவது பயத்தை மாலையாகப் போட்டுக்கொள்வது, என்பதே இவ்வாய்வின் துணிபு. சான்று இல்லை, சொல்லாராய்ச்சியில் அது குறையாகக் கருதப்படுவதுமில்லை.

சட்டத்துக்கு நாணயம் போதாது. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தம் போட்டதாலேயே வீட்டில் உரிமை வந்துவிடாது. 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போடுபவர், தாம் ‘தயாராகவும் விருப்பமாகவும்’ இருந்ததை 1963-ஆம் ஆண்டுத் தனிப்பரிகாரச் சட்டப்படி நிரூபிக்க வேண்டும். நகரியத்து ஊழியர் விருப்பத்தில் குறைவில்லாதவர். பி.எப். பணம் வரும்வரை தயார்தான் ஆக முடிவதில்லை.

மதுரை வீடு ஒன்று இதற்குச் சாட்சி. 1978 டிசம்பரில் விலை 60,000, முன்பணம் 5,000, கெடு ஆறு மாதம். வாங்க வந்தவர் இரண்டரை வருடம் அசையவில்லை. அதற்குள் விலை மூன்று மடங்கு. பிறகு உறக்கம் கலைந்து நோட்டீஸ் விட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1997-இல் ‘வீடு கிடையாது’ என்று முடிந்தது. 5,001 கொடுத்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்பதை நீதிபதிகள் ஆராயாமல் விட்டது இத்துறைக்கு இழப்பே.

நான்காம் வகை வளையமாதேவியில் மட்டும் தெளிவாகத் தென்படுகிறது. இங்கே வாங்குபவர் வீட்டுப் படியேறி “பிடிச்சிருக்கு” என்று சொல்வதில்லை, அரசாணை சொல்லும். இவ்வூர் நிலங்களை 2006-க்கும் 2013-க்கும் இடையே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்தாயிற்று என்பது அதே நிலக்கரி நிறுவனத்தின் வாதம். பிறகு பல ஆண்டுகள் எடுத்த நிலத்தை எட்டிப் பார்க்காததால் உழவர்கள் நெல் விதைத்துக்கொண்டிருந்தார்கள். மதுரைக்காரரின் இரண்டரை வருடத் தூக்கம் இதன் முன் கோழித்தூக்கம். 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

40,001 அல்ல என்பதை ஆய்வாளர் தம் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறார்.