வாசலில் ஒரு ஒர்க்‌ஷாப்

1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தபோது கார்பரேட்டருக்கும் சோக்குக்கும் விடை கொடுத்தோம். பதிலுக்கு நாலு இன்ஜெக்டர்கள் கிடைத்தன. அவை இருபது வருஷம் உழைத்த பிறகு சிக்னலில் கார் நடுங்கத் தொடங்கினால் போதும், குடும்பத் தலைவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் எழுந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை, லுங்கி, ஒரே ஒரு வீடியோ பார்த்த தைரியம்.

இன்ஜெக்டரை மாற்றுவதென்றால், முதலில் பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, லைனில் உள்ள அழுத்தத்தை இறக்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோல் அபிஷேகம் நடக்கும். அந்த வேளையில் பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்காமல் இருந்தால் குலதெய்வத்தின் அருள்.

அடுத்தது கனெக்டர். எஞ்சின் சூட்டிலேயே வெந்த பிளாஸ்டிக் கிளிப் தொட்டதும் உடையும். வீடியோவில் மட்டும் உடையாது; எடிட்டிங் என்று ஒன்று இருக்கிறதே! பிறகு ஓ-ரிங். இன்ஜெக்டருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர், சில ரூபாய் ரப்பர் வளையத்தில்தான் சிக்கனத்தைக் காட்டுவார். பழையதையே துடைத்து மாட்டுவார். புதிதாக வாங்கினாலும் துளி எஞ்சின் ஆயில் தடவாமல் அமுக்கிக் கிழிப்பார். கிழிந்தால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் கசியும்.

இத்தனைக்கும் அந்த நடுக்கம் பழைய ஸ்பார்க் பிளக்கின் வேலையாகவும் இருக்கலாம். அதை முதலில் கழற்றிப் பார்க்கச் சொல்லும் தெருமுனை மெக்கானிக்கிடம் யாரும் கேட்பதில்லை. பாவம், அவருக்குச் சேனல் கிடையாது.