லேபிளைப் பாக்காதலே, தையலைப் பாரு!

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் மடக்கி வையி. என்னது, ஏலமா? 40,000 ரூவா போனு 400 ரூவாய்க்கா? ஒவ்வொரு ஏலக் கேள்விக்கும் 20 ரூவா கட்டணுமா? டெல்லி சரோஜினி நகர் பிள்ளையார் முன்னாடி தோப்புக்கரணம் போட்ட ஈரம் காயலை, அதுக்குள்ள இப்படி ஒரு புத்தியா?

கணக்குப் போடுலே. ஒரு கேள்விக்கு விலை பத்து பைசா ஏறுது. 400 ரூவா ஆகணும்னா எத்தனை தடவை கேக்கணும்? 4,000 தடவை. தடவைக்கு 20 ரூவான்னா 80,000. போனு விலை என்ன சொன்ன? ஆங்!

நம்மூரு வாழைத்தார் ஏலத்துல தோத்தவன் காசைப் பத்திரமா மடியில கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போவான். இதுல தோத்தவனுக்குத் தாரும் இல்ல, காசும் இல்ல. இதுக்குப் பேரு ஏலமாலே? சூதாட்டத்துக்கு வேட்டி கட்டி விட்டிருக்கான்.

இந்தச் சரோஜினி நகர் சந்தையைப் பாரு. ஏத்துமதியில மிஞ்சுன சட்டை. லேபிளை வெட்டிட்டு, "சௌ, சௌ"ன்னு, அதான் இந்தியில நூறு நூறுன்னு, தொண்டை கிழியக் கூவுதான். லேபிள் போனாலும் சட்டை சட்டைதான். சூதாட்டக்காரன் அதுக்கு நேர் மாறு. சரக்கு நாறும், லேபிளு மட்டும் மினுங்கும்.

சட்டம் இல்லையா தாத்தாங்கியா? ஏன் இல்ல? விளம்பரக்காரங்களே 1985ல ஒரு தரக் கவுன்சில் வச்சாக. அவுக போட்ட விதி 2020 டிசம்பர்ல அமலுக்கு வந்துது. காசு வச்சு ஆடுத ஆட்டத்தைப் பொழைப்புக்கு வழின்னு காட்டப்பிடாதாம். 18 வயசுக்குக் கீழ உள்ளவன் ஆடுத மாதிரி காட்டப்பிடாதாம். "காசு போகலாம், அடிமை ஆகலாம்"னு அஞ்சுல ஒரு பங்கு இடத்துல எழுதணுமாம். வாசல்ல ஒரு ஓரமா "நாய் கடிக்கும்"னு எழுதிட்டு, மீதி இடம் பூரா "வாங்க, வந்து கொஞ்சுங்க"ன்னு கூப்பிட்ட கதைதான!

2022ல, பந்தய விளம்பரம் போடாதியன்னு தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டிவிக்காரங்களுக்கு எழுதுச்சு. பந்தயக்காரன் விட்டானா? "நாங்க செய்தித் தளம்"னு புதுச்சட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னான். அடேயப்பா, என்ன தையலு!

கடைசியா 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றமே ஆன்லைன் காசு ஆட்டத்தை மொத்தமா மூடச் சட்டம் போட்டுது. விளம்பரம் பண்ணுனா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலு, 50 லட்சம் வரைக்கும் அபராதம். அந்த மாசமே இந்திய கிரிக்கெட் டீமு நெஞ்சுல இருந்த ட்ரீம்11ங்கிற காசு ஆட்டக் கம்பெனி லேபிளும் கழண்டுது. பாத்தியா, அங்கயும் லேபிளு!

தமிழ்நாட்டுல 2003ல லாட்டரியை நிறுத்துனாக. அதுக்கு முன்னாடி டீக்கடைக்கு டீக்கடை சீட்டு தொங்கும். "நாளை குலுக்கல்"ம்பான். நாளைக்குப் போனாலும் நாளைதான். சீட்டு போயிட்டு, ஆசை போச்சா? காகிதத்துல இருந்தது கண்ணாடியில ஏறி இப்ப உன் கையில மினுங்குது.

சட்டம் வேலி போடும்லே. வேலிக்கு அந்தாண்ட எட்டிப் பாக்குத கழுத்தை யாரு கட்டுவா? ஏலம்னு எவன் சொன்னாலும் ஒண்ணே ஒண்ணு கேளு: "தோத்தா எங்காசு எங்கிட்ட இருக்குமா?"

சரி, எந்திரி. அந்தா, நீலச் சட்டை 300ன்னு கூவுதான். நீ 150க்குக் கேளு. முறைப்பான், முறைக்கட்டும். அவன் தராட்டாலும் 150 உன் பையிலதான் இருக்கு.