33 சதவீதம் அவர்கள் சமூகத்துக்கு

பெறுநர்: திருவாளர் 33 சதவீதம் அவர்கள், பேரிடர் நிவாரண விதிமுறை.

ஐயா,

ஐப்பசி பிறந்தால் காவிரி டெல்டா விவசாயி கும்பிடுவது வருணனை அல்ல, தங்களைத்தான். பயிரில் 33 சதவீதமாவது சேதமானால்தான் நிவாரணம். 32-ஓடு தப்பிய வயலில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது தங்கள் தீர்ப்பு. 2015 வரை 50 ஆக இருந்த தாங்கள் மனமிரங்கி இளைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை.

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அந்தக் கோடையில்தான் டெல்டா முழுக்க 80 கோடி ரூபாயில் தூர்வாரியிருந்தார்கள். தண்ணீர் தூர்வாரிய அறிக்கையைப் படிக்கவில்லை போலும். தட்டையான கடைமடை மண்; வடிகாலில் வெங்காயத்தாமரை; உப்பனாற்றில் இறங்கினால் கடல் எதிர்த்துத் தள்ளுகிறது. வயலிலேயே தங்கிவிட்டது. துணை மின் நிலையத்துக்குள்ளும் புகுந்ததால் கரண்ட் போனது, குடிநீர் மோட்டார் ஓடவில்லை. வாசலில் இடுப்பளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு குடத்துக்கு லாரியை எதிர்பார்த்து நின்றார்கள் பெண்கள். மாடுகள் தார்ச்சாலையில் குடியேறின. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கிடைத்தது.

கணக்கெடுப்பு என்பது தனிக்கலை. தண்ணீர் வடிந்தால்தானே பயிரைப் பார்க்க முடியும்? வடிந்த பிறகு பார்த்தால் தலை பச்சையாகத்தான் தெரிகிறது. குருத்தைப் பிடித்து இழுத்தால் அடி அழுகி, நாற்றத்தோடு கையில் வந்துவிடும். வரப்பில் நின்றபடி எழுதும் அதிகாரிக்கு அந்த நாற்றத்தைப் பதியப் படிவத்தில் கட்டம் இல்லை. குத்தகைக்காரர் பாடு இன்னும் விசேஷம்: நட்டது அவர், பட்டா வேறொருவர் பெயரில்.

மிஞ்சியதை அறுத்துக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போனால் அங்கே தங்கள் தம்பி, 17 சதவீத ஈரப்பதம், தராசருகே நிற்கிறார். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் மழை பெய்தபோது, அவரைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று பார்க்க மத்திய அரசின் குழுவே வந்து நெல்லை அள்ளிப்போனது. நனைந்த நெல் நனைந்திருக்கிறதா என்பதை டெல்டாவில் யார் சொல்லியும் எடுபடாது அல்லவா?

ஆகவே, வரும் கார்த்திகையில் தாங்கள் நேரில் வந்து வரப்பில் இரண்டு நாள் தங்கிப் போகுமாறு வேண்டப்படுகிறது. வரப்பு எங்கே என்பதைக் காலால் துழாவிக் காட்ட ஆள் உண்டு.

இப்படிக்கு,
கடைமடை விவசாயிகள்

இணைப்பு: சிட்டா, அடங்கல், ஆதார் நகல். அடங்கல் சற்று நனைந்துவிட்டது; 17-ஐத் தாண்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிட வேண்டாம்.