கிடைத்தால் வாங்கலாம்

வந்த அன்றைக்கே ப்ளேஸ்டேஷன் 5 வாங்கலாமா என்று வானூர்த் தம்பிமார் கேட்டபோது பதில் சுலபம்: கிடைத்தால் வாங்கலாம். 2020 நவம்பரில் உலகம் ஆடத் தொடங்கிய பெட்டி, 2021 பிப்ரவரி 2-ஆம் தேதிதான் இந்தியா வந்து சேர்ந்தது. அப்போது விலை 49,990 ரூபாய். ஐம்பதாயிரம் என்றால் வீட்டில் ஏச்சு விழும். பத்து ரூபாய் குறைந்ததால் அதற்குப் பெயர் சிக்கனம். முன்பதிவோ சில நிமிடங்களில் காலி. பக்கத்து மரக்காணத்தில் பாத்தியில் நீர் கட்டிக் காத்திருப்பவருக்கு உப்பாவது கிடைக்கும்.

அப்போது 39,990-க்கு இன்னொன்றும் இருந்தது, டிஸ்க் போட வழியில்லாமல். ஆடி முடித்த டிஸ்கை மச்சானிடம் கொடுத்து அவனுடையதை வாங்கும் நம் பொருளாதாரம் அத்தோடு படுத்துவிடும்.

அடித்துப்பிடித்து வாங்கியவர் கண்ட பலன்? 2022-இல் வந்த 'கிரான் டூரிஸ்மோ 7', 'காட் ஆஃப் வார் ராக்னராக்' ஆட்டங்கள் இரண்டும் பழைய ப்ளேஸ்டேஷன் 4-லும் ஓடின. பொறுத்திருந்த புத்திசாலிக்கு அதே ஆண்டு விலை 54,990 ஆனது. 2024-இல் ப்ளேஸ்டேஷன் 5 ப்ரோ வந்தபோது, அதன் வைஃபை அலைவரிசைக்கு இங்கே அனுமதியில்லை என்று நம் கவலையை அரசே தீர்த்துவைத்தது.

ஆகவே தம்பிமாரே, பழையது ஓடும்வரை ஓட்டுங்கள். கையில் காசு இருந்தால் முதலில் ஒரு யுபிஎஸ் வாங்குங்கள்; கரண்ட் போனால் எல்லாப் பெட்டியும் ஒன்றுதான்.